ஒற்றைக் கண் சிவப்பு

காலையில் எழுந்ததும் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எதிர்ச்சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் படிப்பது என் வழக்கம். தேதியைப் படிக்க யாராலும் முடியும். அதன் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வரிதான் என் கணக்கு. நேற்றுப் படிக்க முடிந்தது இன்றும் முடிந்தால் சரி. மங்கியிருந்தால் ஜன்னலருகே போய் நிற்பேன். வெளிச்சம் பட்டு வலது கண் கூசினால் கண்ணாடி பார்க்கவே வேண்டாம். கருவிழியைச் சுற்றி ஊதா கலந்த சிவப்பு வளையம் ஏறியிருக்கும் என்று தெரிந்துவிடும். சாதாரணக் கண்வலியில் வெண்விழி முழுக்க, இமையோரம் வரை சிவந்துபோகும். பீளை தள்ளும். ஒரு கண்ணில் தொடங்கினால் பெரும்பாலும் மற்றதற்கும் தாவும். என்னுடையது ஒரே கண், எப்போதும் அதே கண். பீளை கிடையாது. நீர் வழியும், கூசும், உள்ளுக்குள் மந்தமாக ஒரு வலி இருந்துகொண்டே இருக்கும்.

காரணம், ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வகை 1 என்ற வைரஸ். கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் இருக்கும் கருவிழியையும், அதற்குப் பின்னால் கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸையும் அது அவ்வப்போது அழற்சிக்குள்ளாக்குகிறது. கருவிழி அழற்சியைக் கெராட்டைட்டிஸ் என்கிறார்கள், ஐரிஸிலும் அதையொட்டிய திசுக்களிலும் வருவதை யுவியைட்டிஸ் என்கிறார்கள். எனக்கு இரண்டும் கைகோத்துக்கொண்டே வருவதுண்டு.

பெயரைச் சொன்னதும் கேட்பவர் முகம் மாறுவதைப் பார்த்துப் பழகிவிட்டேன். ஹெர்ப்பிஸ் என்றாலே பாலுறவு நோய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் உடலில் இந்த வகை 1 வைரஸ் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது சிறுவயதிலேயே, யாரோ பாசமாகக் கொடுத்த முத்தத்தின் வழியாக வந்துசேர்கிறது. காய்ச்சலோடு உதட்டோரம் கொப்புளிக்கும் புண் அதன் கைவரிசைதான். என்னைப் பார்த்து முகம் சுளிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதே வைரஸைத் தம் உடம்பிலும் வைத்துக்கொண்டுதான் சுளிக்கிறார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி உண்டு.

நுழைந்த வைரஸ் வெளியேறுவதில்லை. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு மண்டையோட்டின் அடிப்பகுதியில் ஒரு முடிச்சாகத் திரண்டு, அங்கிருந்து மூன்று கிளைகளாகப் பிரிகிறது. ஒன்று நெற்றிக்கும் கண்ணுக்கும் போகிறது. மற்ற இரண்டும் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும். உதட்டில் நுழைந்த வைரஸ் நரம்பிழை வழியாக ஏறி, அந்த முடிச்சிலுள்ள செல்களின் உட்கருவுக்குள் போய் ஒடுங்கிவிடுகிறது. அங்கே அது பெருகுவதில்லை; செல்லைக் கொல்வதும் இல்லை. வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். என்றோ ஒருநாள் விழித்துக்கொண்டு இறங்கும்போது, ஏறி வந்த கிளையிலேயே இறங்கவேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. உதட்டில் இறங்கினால் சில நாள் புண்ணோடு போகும். கண்ணுக்குப் போகும் கிளையில் இறங்கினால் என் கதைதான்.

"இத்தனை மருந்து வந்துவிட்டது, அதை அடியோடு ஒழிக்க ஒன்று இல்லையா?" என்று என் தம்பி கேட்டான். நானும் மருத்துவரிடம் அதையே கேட்டிருக்கிறேன். ஒழிக்க முடியாததற்குக் காரணம் மருந்தின் நேர்த்தியிலேயே இருக்கிறது. அசைக்ளோவிர் மாத்திரையை விழுங்கும்போது அது செயலற்ற பொருள். வைரஸ் பெருகும்போது தனக்காகத் தயாரித்துக்கொள்ளும் தைமிடின் கைனேஸ் என்ற நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவைத்தால்தான் மருந்து வேலைசெய்யத் தொடங்கும். பிறகு வைரஸின் டி.என்.ஏ. நகலெடுப்பை அது நிறுத்திவிடும். வைரஸ் இல்லாத செல்லில் அந்த நொதி இல்லை, ஆகவே அந்தச் செல்லுக்குப் பெரிதாகச் சேதமில்லை. எதிரியின் கையாலேயே துப்பாக்கியில் குண்டு போடவைக்கும் இந்த ஏற்பாட்டின் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் ஜெர்ட்ரூட் எலியன். 1988-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் உண்டு. ஆனால் நரம்பு முடிச்சுக்குள் தூங்கும் வைரஸ் அந்த நொதியைத் தயாரிப்பதில்லை. நொதி இல்லாவிட்டால் மருந்தும் இல்லை. விழித்தால் அடிக்கலாம், தூங்கினால் தொட முடியாது.

வைரஸை மருந்தால் அடக்க முடியும் என்பதே ஒரு காலத்தில் நம்பிக்கையில்லாத விஷயமாக இருந்தது. அந்த அவநம்பிக்கை பொய்த்தது கண்ணில்தான். 1959-இல் வில்லியம் புருசாஃப் புற்றுநோயை மனத்தில் வைத்து உருவாக்கிய ஐடாக்ஸியூரிடின் என்ற பொருளைக் கண்ணில் சொட்டினால் ஹெர்ப்பிஸ் புண் ஆறுகிறது என்று 1962-இல் ஹெர்பர்ட் காஃப்மன் காட்டினார். அடுத்த வருடமே அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அங்கே அனுமதி பெற்ற முதல் வைரஸ் எதிர்ப்பு மருந்து ஒரு கண் மருந்து என்பது பலருக்குத் தெரியாது.

பரிசோதனை அறையில் மருத்துவர் முதலில் எடுப்பது எந்தக் கருவியையும் அல்ல, கொஞ்சம் பஞ்சை. அதை இழையாகத் திரித்து, பக்கவாட்டிலிருந்து, நான் பார்க்காதபடி கொண்டுவந்து கருவிழியைத் தொடுவார். இடது கண்ணில் தொட்டதும் இமை தானாக அடித்துக்கொள்ளும், தலையே பின்னால் இழுக்கும். வலது கண்ணில் தொடும்போது "இன்னும் தொடவில்லையா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். தொட்டு முடித்திருந்தார். திரும்பத் திரும்ப வரும் வைரஸ் கருவிழியின் நரம்பிழைகளைச் சிதைத்துவிடுவதால் உணர்ச்சி குறைந்துவிடுகிறது. இந்த நோயின் வஞ்சகம் இதுதான். கண் மோசமாக மோசமாக, வலி குறைந்துகொண்டே போகலாம். வலியை வைத்து நோயை அளப்பவர்கள் இதில் ஏமாந்துபோவார்கள். கண்ணை மரத்துப்போகவைக்கும் சொட்டு மருந்து விட்ட பிறகு இந்தச் சோதனையைச் செய்து பயனில்லை. அதனால்தான் பஞ்சு முதலில் வருகிறது.

அடுத்து ஃப்ளோரசின் சாயம். ஆரஞ்சு நிறத் தாளின் நுனியை நனைத்து இமைக்குள் தொட்டுவிட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார். கருவிழியின் மேல்தோல் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். வைரஸ் மேல்தோலில் நேரடியாகப் பெருகும்போது அந்தப் பச்சைக் கோடு கிளைவிட்டுப் படர்ந்து, கிளை நுனிகளில் சின்னக் குமிழ்களோடு முடியும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகத்துக்கு அதிகம் இடமில்லை.

பிறகு தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தி, ஸ்லிட் லாம்ப். அறையை இருட்டாக்கிவிட்டுக் கண்ணுக்குள் குறுகலான ஓர் ஒளிக்கற்றையைச் சாய்வாக விடுவார்கள். ஆரோக்கியமான கண்ணில் கருவிழிக்கும் ஐரிஸுக்கும் இடையிலுள்ள நீர் தெளிந்திருப்பதால் அந்தக் கற்றை அங்கே கண்ணுக்குத் தெரியாது. அழற்சி வந்த கண்ணில், கூரை ஓட்டையில் விழும் வெயிலில் தூசி மிதப்பதைப்போல வெள்ளணுக்கள் மிதக்கும். கசிந்த புரதத்தால் கற்றையே புகைந்து தெரியும். மருத்துவர் அணுக்களை எண்ணுகிறார். நிஜமாகவே எண்ணுகிறார். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் ஒளிச்சதுரத்தில் எத்தனை என்று பார்த்து, அதற்கு ஏற்ப ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று படி போட்டு எழுதுகிறார். எனக்கு அந்த எண் மனப்பாடம். மற்றவர்கள் சர்க்கரை அளவு சொல்வதைப்போல நான் அதைச் சொல்லத் தொடங்கிவிட்டதாக வீட்டில் கேலி செய்கிறார்கள்.

அந்த வெள்ளணுக்கள் என்னுடையவை. இதை விளங்கிக்கொள்ள எனக்கு நெடுங்காலம் பிடித்தது. இந்த நோயில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை. கருவிழியின் மேல்தோலில் புண் போடுவது வைரஸ். ஆனால் அதற்குக் கீழே, கருவிழியின் தடித்த நடு அடுக்கில் வீக்கத்தையும் தழும்பையும் ஏற்படுத்துவதில் பெரும்பங்கு என் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு. வைரஸையும் அது விட்டுச்சென்ற துணுக்குகளையும் துரத்திக்கொண்டு வரும் வெள்ளணுக்கள், கண்ணாடியாக இருக்கவேண்டிய திசுவைக் குதறிவிட்டுப் போகின்றன. தோலில் ஒரு தழும்பு விழுந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. கருவிழியின் நடுவில் விழுந்தால் பார்வை அதோடு போய்விடுகிறது.

கண்ணும் இதற்கு முன்ஜாக்கிரதையாகவே இருக்கிறது. பீட்டர் மெடவார் 1948-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முயலின் கண்ணில் கருவிழிக்கும் ஐரிஸுக்கும் இடையிலுள்ள முன்னறைக்குள் வேறொரு முயலின் தோல்துண்டை ஒட்டினால், ரத்தக் குழாய்கள் அதற்குள் புகாதவரை உடல் அதை எதிர்க்காமல் விட்டுவிடுகிறது என்று கண்டார். கண் தனக்கென்று ஒரு சண்டைநிறுத்தத்தை வைத்திருக்கிறது. நாள்பட்ட வைரஸ் செய்வது அந்த உடன்பாட்டை உடைப்பது. ரத்தக் குழாயே இல்லாத கருவிழிக்குள் சிவந்த இழைகள் விளிம்பிலிருந்து ஊடுருவத் தொடங்கினால் உடன்பாடு கிழிந்துவிட்டது என்று பொருள்.

இதனால் மருத்துவர் இரண்டு காரியங்களை ஒரே நேரத்தில் செய்யவேண்டியிருக்கிறது. வைரஸை அடக்க அசைக்ளோவிர் அல்லது வலாசைக்ளோவிர். என் உடம்பை அடக்க ஸ்டீராய்டு சொட்டு. மேல்தோலில் கிளைவிட்ட புண் இருக்கும்போது வைரஸ் மருந்து இல்லாமல் ஸ்டீராய்டை மட்டும் விட்டால் வைரஸ் கொண்டாடும். கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வரைபடம்போல் பரந்த புண்ணாகிவிடும். உள்ளே அழற்சி கொதிக்கும்போது ஸ்டீராய்டைத் தராமல் பயந்து நின்றால் தழும்புதான் மிஞ்சும். கண் சிவந்ததும் வீட்டிலிருக்கும் ஏதோ ஒரு சொட்டு மருந்தை எடுத்து விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. சிவப்பைச் சட்டென்று மறையவைக்கும் சொட்டு மருந்துகள் பலவற்றில் இருப்பது ஸ்டீராய்டுதான். இரண்டு நாளில் கண் வெளுத்துவிடும், மருந்துக்கு நல்ல பெயரும் கிடைத்துவிடும்.

என் ஸ்டீராய்டு குப்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதிலிருக்கும் பிரெட்னிசலோன் அசிடேட் தண்ணீரில் கரையாது, மிதந்துகொண்டிருக்கும். நிற்கவைத்தால் வெள்ளையாக அடியில் படியும். குலுக்காமல் விட்டால் கண்ணில் விழுவதில் மருந்து சொற்பம். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் அழுத்திக்கொள்ளவேண்டும். அழுத்த மறந்தால் தொண்டையில் கசப்பு இறங்குவது சில சொட்டுகளில் நன்றாகவே தெரியும். கண்ணுக்கான மருந்து வயிற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். இரண்டு வகைச் சொட்டுகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் விடவில்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். கண்மணியை விரியவைக்கும் ஹோமட்ரோபின் சொட்டும் கூடவே உண்டு. ஐரிஸ் பின்னாலிருக்கும் லென்ஸில் ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பதற்காக அது. அதை விட்ட பிறகு படிக்க முடியாது, வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி வேண்டும். அந்த நாட்களில் என் குணம் நன்றாக இருப்பதில்லை.

ஸ்டீராய்டைத் தொடங்குவது சுலபம், நிறுத்துவதுதான் வித்தை. நாளுக்கு ஆறு முறை, பிறகு நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இறக்குகிறார்கள். படியைத் தாண்டிக் குதித்தால் அழற்சி மறுபடியும் எழுந்துகொள்ளும். சிலர் நாளுக்கு ஒரு சொட்டு என்பதைக்கூட நிறுத்த முடியாமல் வருடக்கணக்கில் தொடர்கிறார்கள். கண் வெளுத்த பிறகும் வெள்ளணுக்கள் மிதந்துகொண்டிருக்கலாம் என்பதால், நன்றாக இருக்கிறது என்று நோயாளி தானாக முடிவுசெய்ய இதில் இடமே இல்லை. ஸ்லிட் லாம்ப் சொல்லவேண்டும்.

கண் அழுத்தம் இன்னொரு தலைவலி. பெரும்பாலான யுவியைட்டிஸில் அழுத்தம் குறையும்; ஹெர்ப்பிஸில் ஏறுவது சகஜம். கண்ணின் உள்நீர் வடிந்து வெளியேறும் சல்லடையிலேயே அழற்சி வந்து அடைத்துக்கொள்வதால் அப்படி. ஸ்டீராய்டும் சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும். ஆகவே அழுத்தத்தின் எண் கூடியிருந்தால், மருந்து போதாததாலா மருந்து அதிகமானதாலா என்ற கேள்வி வரும். முதலாவது என்றால் ஸ்டீராய்டைக் கூட்டவேண்டும், இரண்டாவது என்றால் குறைக்கவேண்டும். மருத்துவர் தாடையைத் தடவிக்கொண்டு யோசிக்கும் இடம் இது. தொடக்கத்திலேயே ஏறியிருந்தால் பெரும்பாலும் அழற்சி, சில வாரம் கழித்துக் கண் அமைதியான நிலையில் ஏறினால் சொட்டு மருந்தின்மேல் சந்தேகம் என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

கண்ணை இப்படிப் பாடுபடுத்தும் வைரஸ் கூட்டத்தில் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் மட்டுமில்லை. சின்னம்மை வைரஸ் அதன் உறவுதான். அதுவும் அதே நரம்பு முடிச்சில் தங்கி, வயதான பிறகு நெற்றியில் அக்கியாக வெடிக்கும். மூக்கின் நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணைக் கவனி என்று ஜோனதன் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவைத்தார். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்புக் கிளை. போஸ்னரும் ஷ்லாஸ்மனும் 1948-இல் விவரித்த, கண் அழுத்தம் திடீரென்று ஏறி இறங்கும் யுவியைட்டிஸ் வகை நெடுங்காலம் காரணம் தெரியாத நோயாக இருந்தது. பிற்பாடு முன்னறை நீரில் ஒரு துளி எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்தபோது பலரிடம் ஹெர்ப்பிஸ் குடும்பத்தின் இன்னொரு உறுப்பினரான சைட்டோமெகாலோ வைரஸ் அகப்பட்டது. ஹெச்.டி.எல்.வி.-1 என்ற வைரஸ் ரத்த வெள்ளணுக்களில் ஆயுள் முழுக்கக் குடியிருந்து, சிலருக்குக் கண்ணின் உள்ளே கலங்கலை உண்டாக்குகிறது. ஜப்பானின் கியூஷுவில் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த வைரஸை ஒழிக்கும் மருந்து இல்லை, அழற்சிக்கு ஸ்டீராய்டுதான். 2014-இல் எபோலா வந்து பிழைத்த மருத்துவர் இயன் குரோசியரின் ரத்தம் சுத்தமாகிப் பல வாரங்களுக்குப் பிறகு, அவர் கண்ணுக்குள்ளிருந்து எடுத்த நீரில் உயிருள்ள வைரஸ் இருந்தது. அழற்சியில் அந்தக் கண்ணின் நிறம் நீலத்திலிருந்து பச்சையாக மாறியது. கண்ணின் சண்டைநிறுத்தம் வைரஸுக்கும் ஒளிந்துகொள்ள வசதி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் யோசிக்கவைத்தது எச்.ஐ.வி. தொடர்பான ஒன்று. எதிர்ப்புச் சக்தி தரைமட்டமான நிலையில் சைட்டோமெகாலோ வைரஸ் விழித்திரையை அரித்த நோயாளிகளில் சிலருக்கு, கூட்டு மருந்து சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி திரும்பிய பிறகு கண்ணில் கடும் அழற்சி வந்தது. படை பலவீனமாக இருந்தவரை சண்டையே இல்லை. உடம்பு தேறியதும் கண் கெட்டது. என் கண்ணில் சின்ன அளவில் நடப்பதும் அந்த ரகம்தான்.

இனி அறிவுரை சொல்கிறவர்களுக்கு வருவோம். ஒவ்வொரு முறை கண் சிவக்கும்போதும் அக்கா கேட்கும் முதல் கேள்வி: "என்ன டென்ஷன் உனக்கு?" வெயிலில் அலைந்தாயா, தூக்கம் கெட்டாயா, காய்ச்சல் வந்ததா என்று விசாரணை தொடரும். அமெரிக்காவில் 1990-களில் நடந்த ஹெர்ப்பிஸ் கண் நோய் ஆய்வின் ஒரு பகுதியில் இதைத்தான் சோதித்தார்கள். நோயாளிகளிடம் வாரந்தோறும் மன அழுத்தம், வெயில், காய்ச்சல் போன்றவற்றைக் குறித்துவரச் சொன்னார்கள். 2000-இல் வெளியான முடிவில், அவற்றில் எதற்கும் கண்ணில் நோய் திரும்புவதற்கும் தொடர்பு காணப்படவில்லை. சுவாரசியம் என்னவென்றால், குறிப்பைத் தாமதமாக, கண் சிவந்த பிறகு எழுதியவர்கள் அந்த வாரம் மன அழுத்தம் அதிகம் என்று கூட்டி எழுதியிருந்தார்கள். நோய் வந்த பிறகு காரணம் தேடும் மனசு ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துவிடுகிறது. அக்காவிடம் இதை விளக்கினேன். "அதெல்லாம் சரி, நீ கொஞ்சம் தூங்கு" என்றாள்.

அதே ஆய்வுத் தொடரின் இன்னொரு முடிவுதான் என் வாழ்க்கையை நடத்துகிறது. 1998-இல் வந்தது. கடந்த ஒரு வருடத்துக்குள் கண்ணில் ஹெர்ப்பிஸ் வந்திருந்த 703 பேரில் ஒரு பாதிக்கு அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, மறுபாதிக்கு வெற்று மாத்திரை, 12 மாதம். அந்த வருடத்தில் நோய் திரும்பியவர்கள் மருந்து எடுத்தவர்களில் 19 சதவீதம், எடுக்காதவர்களில் 32 சதவீதம். மாயமந்திரம் இல்லை, மருந்து எடுத்தும் ஐந்தில் ஒருவருக்குத் திரும்பியிருக்கிறது. ஆனால் இந்த நோய் ஒரே அடியில் பார்வையைப் பறிப்பது அபூர்வம். ஒவ்வொரு வருகையிலும் ஒரு தழும்பை, ஒரு கலங்கலை, ஐரிஸில் வெளிறிய ஒரு திட்டை விட்டுச் செல்லும். வருகையைக் குறைத்தால் பார்வை மிஞ்சும். குணமாவது என்ற எண்ணத்தை நான் விட்டுவிட்டேன். இந்த வருடம் தழும்பு கூடவில்லை என்பது எனக்குப் போதுமான வெற்றி. காலை ஒன்று, இரவு ஒன்று என்று மாத்திரையை விழுங்கிவிட்டுத் தண்ணீர் நிறையக் குடிக்கிறேன்.

மருத்துவரை மாற்றும்போதும், கண்ணாடி எண் பார்க்கப் போகும்போதும்கூட இந்த வைரஸின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசர் சிகிச்சை அதைத் தூண்டிவிடக்கூடும், கண்புரை அறுவையும் அப்படித்தான். எனக்கு இப்போது அந்தப் புரைதான் முன்னால் நிற்கிறது. அழற்சியும் ஸ்டீராய்டும் சேர்ந்து லென்ஸை மங்கவைத்துவிட்டன. கண் தொடர்ந்து சில மாதம் அமைதியாக இருந்தால்தான் கத்தி வைப்பேன் என்கிறார் மருத்துவர். அறுவைக்கு முன்பே மாத்திரையின் அளவைக் கூட்டி, பின்பும் சில வாரம் தொடரவேண்டும் என்று திட்டம். அந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொல்லியிருக்கிறார். முடிவு வந்ததும் தேதி குறிக்கவேண்டும்.